வெள்ளிக்கிழமைக் கரி

மேகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் எருத்தேன்பதியில் ஒரே ஒரு கேள்விதான் வரும். மழை வருமா? பால் சொசைட்டியில் கேட்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். என் அப்பா தினமும் போனில் கேட்பார். “ஏங்கண்ணு, இத்தன படிச்சிருக்கறயே, மழ வருமா வராதான்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?” தெரியாதுங்கப்பா என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அப்புறம் எதுக்கு அந்தப் படிப்பு என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டின் கிழக்குக் கோடி. மேற்கே ஊரெல்லாம் நனைந்து நாறிக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு வெறும் காற்றுதான். கணவாய் வழியாக மேகம் கூட்டம் கூட்டமாக வரும், எங்கள் தென்னந்தோப்புக்கு நேர் மேலே போகும், பொட்டுத் தண்ணீர் விடாமல் பொள்ளாச்சிப் பக்கம் போய்விடும். சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் படித்தேன். மேகத்தின் அழகில் மயங்கி இந்தத் துறைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள், கூட்டங்களில் அவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேகத்துளி சும்மா பிறக்காது. ஈரம் ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். கடல் உப்போ, மண்ணோ, புகையின் கரியோ, ஏதோ ஒன்று. தூசி அளவாக இருந்தால் துளி பெருத்துக் கனத்து மழையாக விழும். தூசி கூடிப்போனால் இருக்கிற ஈரத்தை எல்லாத் தூசியும் பங்கு போட்டுக்கொள்ளும், எதற்கும் கனம் சேராது. ஒரு குண்டான் பாயசத்தை ஐம்பது பேருக்கு ஊற்றினால் ஆளுக்கு ஒரு டம்ளர் வரும். ஆயிரம் பேருக்கு ஊற்றினால் நாக்கில்கூட ஒட்டாது. மேகம் வந்தும் மழை வராமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை, முக்கியக் காரணமா என்பதிலேயே சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையில் என் பங்குக்கு நான் எடுத்துக்கொண்டது கரி.

மூணாறுப் பக்கம், சூரியநெல்லிக்கு மேலே ஒரு மேட்டில், எஸ்டேட்காரர்கள் கைவிட்ட பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் அளவை நிலையம் இருந்தது. முன்னால் ஓர் அறை, அதில் மெஷின். கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகக் காற்றை இழுத்து, ஒரு வெள்ளை நாடாவின் மேல் அதைச் செலுத்தி, நாடா எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்துக் காற்றில் உள்ள கரியைக் கணக்கிடும் மெஷின். பின்னால் ஓர் அறையும் கேஸ் அடுப்பு வைத்த அடுப்படியும். அதில் அக்காவும் அவருடைய வீட்டுக்காரரும் குடியிருந்தார்கள்.

அக்கா என்று நான்தான் கூப்பிட்டேன், அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணமாகி வந்த நாள் முதல் கொழுந்து பறித்தவர். நிலையத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று நான் டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து நின்றார். “நா வேணா வரட்டுமா மேடம்? இனி மலையேறி எல பறிக்க முட்டி விடாது. எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். தமிழு நல்லா எழுதுவேன்.” மலையாளம் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களில் நிறையப் பேர் அப்படித்தான்.

அவர் வந்த மறு வருடம் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றார். எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் லயத்து வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் பாத்திரம் பண்டத்தோடு நிலையத்தின் பின்னறைக்கு வந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஓயாத இருமல். வாழ்நாள் முழுக்க இலைத்தூசியைச் சுவாசித்த நெஞ்சு. முன்னறையில் காற்றின் தூசியை அளக்க உலகத்தரத்தில் ஒரு கருவி, பின்னறையில் அந்த மனிதரின் இருமல், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எங்கும் எழுதியதில்லை. “இந்த ஜோலி இருக்கிற வரைக்கும் தலைக்கு மேல கூர இருக்கு மேடம்” என்று அக்கா ஒரு தடவை சொன்னார், ரசம் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாக.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. காலையும் மாலையும் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவார். குழாய் வாயில் பூச்சி கட்டினால் துடைப்பார். நாடா தீரப்போகிறது என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். மெஷினை ‘நம்மாளு’ என்பார். “நம்மாளுக்கு இன்னைக்கு மூச்சு வாங்குது மேடம், குழாயில ஈரம் கோத்திருக்கு.” போனில் அவர் சொல்வதைக் கேட்டு நான் கணினியில் பார்ப்பேன், காற்றோட்டம் குறைந்துதான் இருக்கும்.

நோட்டில் கடைசிக் கட்டம் குறிப்புக்கானது. அதில் அவர் முதலில் கதை கதையாக எழுதினார். காலையில் கரண்ட் போனது, பத்து மணிக்கு வந்தது, மறுபடி போனது, லைன்மேனிடம் சொன்னேன், நாளைக்கு வருவதாகச் சொன்னார். எனக்குப் பொறுமை கிடையாது. “ஏனுங்கக்கா, நாவலா எழுதறீங்க? ரெண்டு எழுத்துல சுருக்கமா எழுதுங்க, போதும்” என்றேன். மறு வாரத்திலிருந்து நோட்டு சுத்தமாகிவிட்டது. மழை பெய்தால் ‘ம.’ மூடுபனிக்கு ‘மூ.’ காலையில் கரண்ட் போனால் ‘கா.போ.’ எனக்கு மெத்த சந்தோஷம். ‘சா.போ.’ என்று அடிக்கடி வரும். சாயங்காலம் போச்சு, வேறென்ன? எப்போதாவது ‘அ.போ.’ வரும். அடிக்கடி போச்சு என்று எடுத்துக்கொண்டேன். கரண்ட் போனாலும் மெஷின் பேட்டரியில் ஓடும், அதனால் ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லை.

நான் திங்கட்கிழமை மலை ஏறுவேன். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி எருத்தேன்பதி போய்ச் சேருவேன். நடு வாரத்தில் அக்கா கையால் சோறு, வார இறுதியில் அம்மா கையால். மூன்று வருடம் இப்படி ஓடியது. இந்த மூன்று வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலைகூட நான் அந்த நிலையத்தில் இருந்ததில்லை.

இரண்டாம் வருட முடிவில் அந்த வருடத்து அளவுகளைக் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வெள்ளிக்கிழமை மாலையில் கரி எகிறியிருந்தது. ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி இல்லை, எல்லா வெள்ளியும். இயற்கைக்குக் கிழமை தெரியாது. கிழமை பார்த்து வருவது என்றால் அது மனிதன் செய்த வேலை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சனி ஞாயிறுக்குச் சுற்றுலாக்காரர்கள் வெள்ளி மாலைதான் மலையேறுகிறார்கள். ஜீப்புகள் இறங்கி ஏறி அலைகின்றன. அதோடு நோட்டைப் புரட்டினால் வெள்ளிக்கு வெள்ளி ‘சா.போ.’ ஆஹா! கூட்டம் வந்ததும் மின்சாரம் தாங்காமல் போகிறது, போனதும் ரிசார்ட்டுகளில் டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறது, அந்தப் புகை மேகத்தில் ஏறுகிறது. கதை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஐந்து நிமிட அளவுகளை எடுத்துப் பார்த்திருந்தால் இத்தனை குறுகிய நேரத்தில் இத்தனை கரியை எந்த ஜெனரேட்டரும் கக்காது என்று தெரிந்திருக்கும். நான் மணிக்கு ஒன்றாகச் சராசரி எடுத்திருந்தேன். கோடு அழகாக வந்தது, அதனால்.

எங்கள் திட்டத்தின் தலைவரை சார் என்றே சொல்கிறேன். பாலக்காடு டவுன்காரர், மலையாளத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். படத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “இது கொள்ளாமே, நல்லாயிருக்கே! நீ வேகம் எழுது. வேற யாராவது எழுதறதுக்கு முன்ன நாம எழுதணும்.” எழுதினேன். கட்டுரை வெளிவந்தது. சார் ஊர் ஊராகப் போய் அந்தப் படத்தைத் திரையில் போட்டுப் பேசினார். செய்தித்தாளில்கூட ஒரு மூலையில் வந்தது. மூணாறு ஜீப்காரர் ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போதே கேட்டார், “எங்க வண்டியில குந்திக்கிட்டே எங்க வண்டியப் பத்தி இப்பிடி எழுதுறீங்களே மேடம், நாயமா?” நான் சிரித்தேன். அவ்வளவு திமிர் அப்போது.

அப்புறம் ஒரு மழைக்காலத்து வெள்ளிக்கிழமை. மறையூர்ப் பாதையில் மண் சரிந்து மரம் விழுந்துவிட்டது, பஸ் பாதியில் திரும்பியது. பிற்பகலில் நிலையத்துக்கே வந்து சேர்ந்தேன். அக்காவுக்கு ஒரே மகிழ்ச்சி. “வெள்ளிக்கெழமையும் அதுவுமா வந்திருக்கீங்க, ராத்திரிக்குப் பாயசம் வைக்கேன்” என்றார். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் காற்று கழுவிவிட்ட மாதிரி இருந்தது, கரி இல்லவே இல்லை.

விளக்கு வைக்கும் நேரம். சாம்பிராணி வாசனை வந்தது. அக்கா குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டைக் கனல் போட்ட தூபக்காலோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மெஷினை மூன்று சுற்றுச் சுற்றினார். அதன் பக்கவாட்டில் எப்போதும் ஒரு சந்தனப் பொட்டு இருக்கும், ஆயுத பூஜைக்கு வைத்தது என்று விட்டிருந்தேன். பிறகு வெளியே போனார். இரும்பு ஏணி கிறீச்சிட்டது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு கூரைக்கு ஏறுகிறார். திரையில் கோடு கிடுகிடுவென்று மேலே போனது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். என் கட்டுரையில் நான்காவது படம்.

வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். அக்கா தூபக்காலைக் குழாயின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். புகை உள்ளே போய்க்கொண்டிருந்தது, கொஞ்சமும் சிந்தாமல்.

“எறங்குங்க! மொதல்ல எறங்குங்கக்கா! உங்களுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி இருக்குதுங்களா? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கறீங்க!” எங்கள் ஊர்ப் பேச்சில் கத்தித் திட்டும்போதும் இந்த ‘ங்க’ போகாது. அதைக் கேட்டால் வேறு யாருக்காவது சிரிப்பு வரும். அக்காவுக்கு வரவில்லை.

இறங்கி வந்து தூபக்காலைக் கீழே வைத்தார். “எதுக்கு மேடம் ஏசுறீங்க? மொத வருசம் மூணு வாட்டி நம்மாளு படுத்துக்கிட்டாருல்ல, எடியெல்லாம் விழுந்து. பொறவுதான் வெள்ளிக்கெழம தோறும் சாம்பிராணி போட ஆரம்பிச்சேன். ஃபாக்டரில எங்க வீட்டுக்காரரு மெஷினுக்குப் போடுவாருல்ல, அது மாதிரி. அதுக்கப்புறம் ஒரு நா நின்னுருக்காரா, சொல்லுங்க.”

“மேல எதுக்குங்கக்கா போனீங்க? குழாய்க்கிட்ட எதுக்கு?”

“அதான மேடம் மூச்சு விடுற வாயி? அதுக்குக் காட்டாம மத்ததுக்குக் காட்டி என்ன?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“எழுதித்தான மேடம் வச்சிருக்கேன்” என்றார். “ஒவ்வொரு வெள்ளியும் எழுதிருக்கேன்ல. சா.போ.ன்னு.”

சாம்பிராணி போட்டது.

சாயங்காலம் என்பது எங்கள் பேச்சு. மலையில் அது அந்தி. அந்தியில் கரண்ட் போனால் அவர் ‘அ.போ.’ என்று எழுதினார், அதை நான் அடிக்கடி என்று படித்தேன். அவர் எழுதிய எழுத்தை என் ஊர்த் தமிழில் வாசித்து, அதை ஆதாரமாகக் காட்டி, ஒரு மலையே புகைவதாக உலகத்துக்குச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ‘இதென்னங்கக்கா’ என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அறையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம், வெள்ளிக்கு வெள்ளி, மணி முதற்கொண்டு குறித்திருந்தார். ஆறு பத்து, ஆறு ஐந்து, ஆறு கால்.

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார். “பெரிய தப்பாயிருச்சா மேடம்?”

“ஆயிருச்சுங்க.”

“எங்கள எறக்கி விட்ருவாங்களா?”

அந்தக் கேள்வியில் என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கக்கா. நீங்க எழுதி வெச்சிருக்கறீங்க. தப்பு என்னுது. நான் பார்த்துக்கறேன்” என்றேன். இதை மனதாரச் சொன்னேன். அதைத்தான் இப்போதும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

அன்றைக்குப் பாயசம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை பாலக்காட்டில் சாரிடம் போய் நின்றேன். நான் மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “டென்ஷன் ஆவண்டா. தெரிஞ்சு மறைச்சாத்தான் குத்தம். நாம திருத்தம் கொடுக்கலாம், அது நமக்கு மரியாதையாக்கும்” என்றார். எனக்கு உயிர் வந்தது. திட்டுவார் என்று நினைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“ஒரு காரியம் மட்டும்” என்றார் அப்புறம். “ரெஜிஸ்டர்ல அந்த அம்மா இதை எழுதியிருக்கோ?”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் எனக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. ஒப்பந்தத்திலேயே வருடங்களை ஓட்டிவிட்டு, முதல் தடவையாக நிரந்தர வேலைக்கு. தேர்வுக் குழுவில் சார் இருந்தார். சாம்பிராணிப் புகை உள்ளே போனது வேறு விஷயம், எந்த ஆராய்ச்சியிலும் நடக்கக்கூடியது. பணியாளர் எழுதி வைத்ததை ஆராய்ச்சியாளர் வருடக் கணக்காகத் தப்பாகப் படித்தார், படித்ததை ஆதாரமாகவும் காட்டினார் என்பது வேறு விஷயம். அந்தப் பெயர் ஒட்டினால் ஜன்மத்துக்கும் போகாது.

“ரெஜிஸ்டர்ல ஏதோ சுருக்கெழுத்துதான் சார் இருக்கு. ஒண்ணும் தெளிவா இல்லை” என்றேன்.

பொய் இல்லையே. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சுருக்கெழுத்துதான் இருந்தது. சுருக்கச் சொன்னது யார் என்று சார் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவர் எதையோ புரிந்துகொண்டவர் மாதிரி என்னைப் பார்த்தார், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நோட்டு என் பைக்குள்தான் இருந்தது, என் முழங்காலில் இடித்துக்கொண்டு.

திருத்தம் வெளிவந்தது. நிலையத்தில் அமர்த்தப்பட்ட உள்ளூர்ப் பணியாளரின் தெரிவிக்கப்படாத செயலால் அளவுகள் மாசுபட்டன, வெள்ளிக்கிழமை முடிவு திரும்பப் பெறப்படுகிறது. தெரிவிக்கப்படாத! அந்த வார்த்தையை நான்தான் தட்டச்சு செய்தேன். சாரின் நேர்மையை எல்லோரும் பாராட்டினார்கள். தவறு செய்தால் ஒத்துக்கொள்ளும் துறை எங்களுடையது என்று ஒருவர் கூட்டத்தில் பேசினார். நானும் கை தட்டினேன்.

இதற்கு நடுவில் அக்கா எப்போதும் போல வேலை பார்த்துக்கொண்டிருந்தார். புது நோட்டில் குறிப்புக் கட்டத்தில் இப்போது சுருக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் அந்தக் குட்டிக் கட்டத்துக்குள் நுணுக்கி நுணுக்கி முழுதாக எழுதியிருப்பார்: ‘இன்று அந்தி நேரம் சாம்பிராணி போடவில்லை.’ மூன்று வெள்ளி அப்படி எழுதினார்.

நாலாவது வாரம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். “நீதான் போறியே, கையில் கொடுத்திரு” என்று சார் சொல்லிவிட்டார். ஆட்சி மொழியில், அதாவது மலையாளத்தில், அரைப் பக்கம். அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். “நீங்களே படிச்சுச் சொல்லுங்க மேடம்.”

உரக்கப் படித்தேன். பேசும் மலையாளம் அவருக்குத் தெரியும், ஆபீஸ் மலையாளம் தெரியாது. வேலை முடிந்தது, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது வரை புரிந்துகொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒரே ஒரு சொல்லில்தான் நின்றார். “ஜோலியில உள்ள அனாஸ்த காரணம்னு போட்டிருக்கே. அனாஸ்தன்னா என்ன மேடம்?”

கடிதத்தின் அடியில் இருந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே யோசித்தார். “ஆஸ்தி இல்லாதவங்கன்னா? எங்களுக்கு எடம் கிடம் ஒண்ணும் இல்லங்கறதுனாலயா?”

“ஆமாங்கக்கா” என்றேன்.

“அது உள்ளதுதான” என்றார். “எங்களுக்கு ஏது ஆஸ்தி.” கடிதத்தை வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்துக்கறேன்னு சொன்னீங்களே என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அந்த ஒத்திகைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

வட்டவடையில் அக்காவின் தங்கை இருந்தார், கேரட்டும் பூண்டும் போடும் குடும்பம். அங்கே போனார்கள். ஜீப்பில் சாமான் ஏற்றும்போது நான் இருந்தேன். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை, அந்தத் தூபக்கால். கிளம்பும் முன் உள்ளே போய் மெஷினைப் பழந்துணியால் துடைத்துவிட்டு வந்தார். சந்தனப் பொட்டையும் துடைத்திருந்தார். “புதுசா வர்ற ஆளுக்கிட்ட குழாயில ஈரம் பாக்கச் சொல்லுங்க மேடம், மறந்துராதீங்க.” வீட்டுக்காரர் முன் சீட்டில் இருமிக்கொண்டே எனக்குக் கும்பிடு போட்டார்.

எனக்கு வேலை கிடைத்தது. நிரந்தரம். வீட்டில் பொங்கல் வைத்தார்கள். அப்பா ஊர் முழுக்கச் சொன்னார். அந்த வாரமும் மேகம் எங்கள் தோப்புக்கு மேலே போனது, அந்த வாரமும் அப்பா கேட்டார், மழ வருமா கண்ணு. “தெரியாதுன்னு எத்தன வாட்டிங்கப்பா சொல்றது!” என்று கத்திவிட்டேன். அம்மா ஓடி வந்து பார்த்தார். அப்பா அதற்குப் பிறகு போனில் மழையைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

நிலையத்தில் இப்போது டிப்ளமோ படித்த ஆள் இருக்கிறார். குறிப்புக் கட்டம் எப்போதும் காலி. வெள்ளிக்கிழமை மற்றக் கிழமை மாதிரியே இருக்கிறது. பழைய நோட்டு என் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அலுவலகச் சொத்து, நான் வைத்திருக்கக் கூடாது.

போன மாதம் அக்கா கூப்பிட்டார். எத்தனையோ நாள் கழித்து அந்தக் குரல். வீட்டுக்காரர் சௌக்கியமா என்றேன், இருக்காரு என்றார். பிறகு சொன்னார்.

“தங்கச்சி வீட்டுல எத்தன நாளு கெடக்கது மேடம். ரிசார்ட்டுல ஆளு எடுக்காங்க, அங்கயே ரூமும் தர்றாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். மெஷின் பாத்த ஆளுன்னு காட்ட எங்கிட்ட வேற என்ன இருக்கு? அந்த லெட்டரத்தான் கொண்டு போனேன். மொதப் போன எடத்துல படிச்சுப் பாத்துட்டு ஆளு வேண்டாம்னுட்டாங்க. அடுத்த எடத்துலயும் அப்பிடித்தான். அங்க வாசல்ல ஒரு பிள்ள தனியாக் கூப்ட்டுச் சொல்லுச்சு. அக்கா, இத இனி எங்கயும் காட்டாதீங்க, வேலயில கவனம் இல்லாததுனால வெளிய அனுப்புனோம்னு எழுதிருக்குன்னுச்சு. அனாஸ்தன்னா அதுதானாம்.”

நான் எழுந்து போய் அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

“நா கவனமாத்தான மேடம் எழுதுனேன். ஒரு வெள்ளி விடல.”

“ஆமாங்கக்கா.”

“அத நீங்க அங்க சொன்னீங்களா மேடம்?”

வட்டவடைப் பக்கம் சிக்னல் பாதியில் அறுந்து போவது சகஜம். அன்றைக்கு அறுந்து போனதென்றுதான் அக்கா நினைத்திருப்பார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனை நான்தான் வைத்தேன்.